அந்த வீட்டு ஆண்கள் தாமதமாகத்தான் பேசுவார்கள்

என் மாமனார் நாலு வயதுவரை ஒரு வார்த்தை பேசவில்லையாம். பிறகு ஒரு நாள் காலையில் வாசலில் நின்றுகொண்டு, "என் செருப்பை யார் எடுத்தது?" என்று முழு வாக்கியமாகக் கேட்டாராம். வீடே வாயைப் பிளந்துகொண்டு நின்றதாம். அந்தச் செருப்பு கடைசிவரை கிடைக்கவில்லை என்பதையும் மறக்காமல் சேர்த்துச் சொல்வார்கள்.

கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன புதிதிலேயே இந்தக் கதையைக் கேட்டுவிட்டேன். சொன்னவர் என் கணவரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மாமியார் பல வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டதால் அந்த வீட்டில் எதற்கும் கடைசி வார்த்தை அண்ணியுடையதுதான். "எங்க வீட்டு ஆம்பளைங்க லேட்டாத்தான் பேசுவாங்க. ஆனா பேச ஆரம்பிச்சா அளந்து பேசுவாங்க" என்று கதையை முடிப்பார். தம்பியும் நாலு வயதில்தான் வாயைத் திறந்தான், திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை "அக்கா"தான் என்பார். மாமா சிரித்தபடி தலையை ஆட்டுவார். என் கணவரும் ஆட்டுவார். நானும் அன்றைக்குச் சிரித்தேன். எந்த வீட்டில்தான் இப்படி ஒரு கதை இல்லை?

என் மகனுக்கு இரண்டரை வயதாகியும் அம்மா என்றுகூட வராதபோதுதான் அந்தக் கதை என் கழுத்தைப் பிடித்தது.

அவனுக்கு வீட்டில் ஜட்ஜ் என்று பெயர். யார் வந்தாலும் கண்கொட்டாமல் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு தரப்பையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொல்லப்போகிறவன் மாதிரி இருக்கும். மாமாதான் பெயர் வைத்தார். நான் கவலைப்பட்டு ஏதாவது சொன்னால், "ஜட்ஜ் தீர்ப்பை ஒத்தி வெச்சிருக்காரும்மா" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். முதல் ஐம்பது தடவை எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்கப்புறம் அந்தப் பெயரைக் கேட்டாலே எரிச்சல் மண்டைக்கு ஏறும்.

நாங்கள் இரண்டாம் மாடியில் இருந்தோம், மாமாவும் எங்களோடு. அண்ணி அதே கட்டடத்தில் கீழ் வீட்டில். நான் பெயிண்ட் கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்கள் கேட்கும் நிறத்தை மெஷினில் கலந்து கொடுக்கும் வேலை. என் கணவர் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது அண்ணிதான். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை. குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைத்து, சாயங்காலம் நான் வரும்போது தலை வாரிப் பவுடர் போட்டுக் கையில் கொடுப்பார். அப்படிப்பட்டவரிடம் போய், நீங்கள் சொல்வது தப்பு என்று எந்த வாயால் சொல்வது? அதுதான் எனக்கு இருந்த பெரிய சிக்கல். கெட்டவர்கள் தப்பாகச் சொன்னால் சண்டை போடலாம். நல்லவர்கள் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஒரு நாள் அண்ணிக்குப் பல் வலி. கன்னம் வீங்கிவிட்டது. பல் டாக்டரிடம் போக வேண்டியிருந்ததால் பிள்ளையை நான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் உயரமான ஸ்டூலில் உட்கார வைத்து, பழைய வண்ண அட்டைகளைக் கையில் கொடுத்தேன். அவற்றை அடுக்குவதும் கலைப்பதுமாகத் தன் பாட்டுக்கு இருந்தான்.

கடையில் பெயிண்ட் டப்பாவைக் குலுக்கும் மெஷின் ஒன்று உண்டு. டப்பாவை உள்ளே வைத்து இறுக்கிப் பூட்டிவிட்டால் அதுவே குலுக்கி நிறத்தைக் கலந்துவிடும். சாதாரணமாகவே காது கிழியும். அன்றைக்கு நான் பிள்ளையைப் பார்க்கிற கவனத்தில் சரியாகப் பூட்டவில்லை போலிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே டப்பா கழன்று உள்ளே முட்டி மோத ஆரம்பித்துவிட்டது. கூரையே இடிந்து விழுவதுபோல் ஒரு சத்தம். வாங்க வந்திருந்த அம்மாள் "ஐயோ" என்று பையைக் கீழே போட்டார். கடை முதலாளி உள்ளேயிருந்து ஓடி வந்தார். நான் ஸ்விட்சை நோக்கிப் பாயும்போது மகனைப் பார்த்தேன், பயந்துவிடப்போகிறானே என்று.

அவன் மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நீல அட்டைமேல் பச்சை அட்டையை வைத்துக்கொண்டிருந்தான். தோள்கூட அசையவில்லை. பிறகு நிமிர்ந்து எதிரே நின்ற அம்மாளின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்தான். அவர் எங்கே பார்க்கிறார் என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் திரும்பினான்.

மெஷினை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன். முதலாளி திட்டியது எதுவும் என் மூளைக்குப் போகவில்லை. அவன் எப்போதும் எல்லோர் முகத்தையும் ஏன் பார்க்கிறான் என்று எனக்கு ஒரே நொடியில் புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னேன். என் கணவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் சொல்லி முடித்துவிட்டேன்.

"விளையாட்டுல இருந்தா அவனுக்கு உலகமே தெரியாது. நானும் சின்ன வயசுல அப்படித்தான்" என்றார்.

"அது விளையாட்டு கவனமில்லைங்க. அந்தச் சத்தத்துக்குச் செத்தவன் எழுந்து உட்காருவான்."

வீங்கிய கன்னத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு அண்ணி சோபாவில் இருந்தார். "பகல் பூரா அவன்கூட இருக்கிறவ நான். எனக்குத் தெரியாதா? நான் கூப்பிட்டா திரும்புறானே!"

"நீங்க பின்னாடி நின்னு கூப்பிட்டீங்களா அண்ணி?"

"பிள்ளையை எதுக்குப் பின்னாடி நின்னு கூப்பிடணும்? முகத்தைப் பார்த்துத்தானே கூப்பிடுவாங்க!"

மாமாவுக்குப் பேச்சு முழுக்கப் பிடிபடவில்லை. "என்ன, என்ன?" என்று கேட்டுக் கேட்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டதும், "இதோ பாரும்மா" என்று எழுந்தார். தரையில் உட்கார்ந்து டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்த பிள்ளையின் பின்னால் போய், காலைத் தரையில் ஓங்கி மிதித்துக் கையைத் தட்டினார். பிள்ளை சட்டென்று திரும்பிச் சிரித்தான்.

"பார்த்தியா! எங்க பரம்பரைக்கு எல்லாம் கேட்கும், பேசத்தான் நாளாகும்."

"மாமா, நீங்க மிதிச்சதுல தரை அதிர்ந்துச்சு. அதான் திரும்பினான்."

"என்ன?"

"தரை அதிர்ந்துச்சுன்னு சொன்னேன்!"

"அதிரத்தான் மிதிச்சேன்" என்றார் பெருமையாக.

நான் அவனைத் தூக்கி மெத்தைமேல் உட்கார வைத்துவிட்டு, பின்னால் நின்று இரண்டு சட்டிகளை மோதினேன். அவன் திரும்பவில்லை. "தூக்கம் வருது அவனுக்கு" என்றார் அண்ணி. மறுபடி மோதினேன். "பிடிக்கலை அவனுக்கு" என்றார். மூன்றாவது தடவை மோதியபோது மேல் வீட்டுக்காரர் தரையைத் தட்டினார். என் கணவர் என் கையிலிருந்து சட்டியைப் பிடுங்கி வைத்துவிட்டு, "பிள்ளைக்கு ஏதாவது குறை இருந்தே ஆகணும்னு நிக்கிறியே, உனக்கு என்ன ஆச்சு?" என்றார். அந்தக் கேள்வி எனக்குப் பல நாள் வலித்தது.

என் தொல்லை பொறுக்காமல் பக்கத்துத் தெரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார்கள். அண்ணியும் கூட வந்தார். டாக்டர் பிள்ளையின் வாயைத் திறந்து நாக்கைப் பார்த்தார், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், அழுக்குகூட இல்லை என்றார்.

"குடும்பத்துல வேற யாராவது லேட்டாப் பேசினாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். செருப்பு காணாமல்போன கதை முதலிலிருந்து சொல்லப்பட்டது. டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப பயப்படாதீங்கம்மா. சில குடும்பங்கள்ல அப்படித்தான். மூணரை வயசு வரைக்கும் பாருங்க."

வீட்டுக் கதை ஒரு நிமிடத்தில் வைத்தியமாகிவிட்டது. திரும்பி வரும்போது அண்ணியின் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தேன். படித்த டாக்டரே சொல்லிவிட்டார், எடுத்து வளர்க்கும் அண்ணி சொல்கிறார், தாத்தா சொல்கிறார், அப்பா சொல்கிறார். இத்தனை பேர் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நான் ஒருத்தி, பெயிண்ட் கடையில் ஒரு நிமிடம் என் கண்ணால் பார்த்ததை வைத்துக்கொண்டு. சில நாட்கள் நானே சந்தேகப்பட்டேன். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று நினைக்க எவ்வளவோ முயற்சி செய்தேன்.

முடியவில்லை. ஏனென்றால் பிறகு குளியலறை விவகாரம் நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டான். புதிதாகக் கற்றுக்கொண்ட வித்தை. உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "தங்கம், கதவைத் திறடா" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. கதவைத் தட்டினேன். அண்ணி கீழேயிருந்து ஓடி வந்து தட்டினார். மாமா தன் முழுக் குரலையும் எடுத்துக் கூப்பிட்டார். அவர் குரலுக்குத் தெருமுனை ஆட்களே திரும்பிப் பார்ப்பார்கள். உள்ளே தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வழுக்கி விழுந்துவிட்டானா, வாளிக்குள் தலை போய்விட்டதா. என் கணவர் கருவிப் பையைக் கொண்டுவந்து கதவின் கீலையே கழற்றினார்.

கதவு சாய்ந்தபோது பிள்ளை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்திருந்தான். தண்ணீரில் சோப்புப் பெட்டியைப் படகாக விட்டுக்கொண்டிருந்தான். நான் போய்த் தொட்டதும் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். சோப்புப் பெட்டியை எனக்குக் காட்டினான்.

எனக்கு அழுகை பீறிட்டது. அண்ணி மார்பில் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு சிரித்துவிட்டுச் சொன்னார்: "என்ன பிடிவாதம் பாருங்க! அப்படியே தாத்தா."

ஈரப் பிள்ளையைத் துடைத்துக்கொண்டே முடிவு செய்துவிட்டேன். இனி இந்த வீட்டில் யாரிடமும் கேட்பதில்லை.

மறுநாள் கடையில் விடுப்பு சொல்லிவிட்டு, பஸ் பிடித்து, காது பரிசோதனை செய்யும் இடத்துக்குப் போனேன். வீட்டில் தடுப்பூசி என்று சொன்னேன். சோதிப்பவர் நடுத்தர வயதுப் பெண். சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்ததுபோன்ற ஒரு சின்ன அறைக்குள் எங்களை உட்கார வைத்தார். பிள்ளை என் மடியில். பக்கத்தில் ஒரு பொம்மைக் கரடி. சத்தம் வரும் பக்கம் பிள்ளை திரும்பினால் கரடியின் வயிற்றில் விளக்கு எரியும். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சத்தங்களை அனுப்பினார்.

முதலில் மெல்லிய கூவல். பிறகு கொஞ்சம் பெரிது. பிறகு இன்னும் பெரிது. பிள்ளை என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். சத்தம் ஏறிக்கொண்டே போனது. திரும்புடா, திரும்பித் தொலையேன்டா என்று எனக்குள் கத்தினேன். என் மடியை அசைத்து அவனைத் திருப்பிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அவ்வளவு நாள் அவனுக்குக் கேட்கவில்லை என்று அடித்துச் சொன்னவள், அந்த அறையில் நான் சொன்னது பொய்யாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். சத்தம் என் பல்லுக்குள் கூசியபோதுதான் அவன் பொத்தானை விட்டுவிட்டு மெதுவாகத் தலையைத் திருப்பினான். கரடியின் வயிறு எரிந்தது. அவன் முகம் மலர்ந்தது.

பிறகு அவனைத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி இன்னொரு பரிசோதனை. அதிலும் அதே முடிவுதான்.

"ரெண்டு காதும் நல்லாவே குறைவா இருக்கும்மா. ஆனா மெஷின் வெச்சா கேட்கும், பேச்சும் வரும். இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்றார் அந்தப் பெண். "பிறந்தப்போ காது டெஸ்ட் பண்ணலையா?"

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில மெஷின் ரிப்பேர், அப்புறம் கொண்டு வாங்கன்னாங்க. பிள்ளை நல்லாத்தானே இருக்கான், எதுக்குன்னு வீட்ல..."

"குடும்பத்துல யாருக்காவது காது மந்தமா? சின்ன வயசுல லேட்டாப் பேசினவங்க?"

நான் செருப்புக் கதையைச் சொன்னேன். இந்தக் கதையைக் கேட்டுச் சிரிக்காத முதல் ஆள் அவர்தான். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உங்க வீட்டுக்காரரையும் ஒரு தடவை வரச் சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீடு இரண்டாகும் என்று எதிர்பார்த்தேன். அதைவிட மோசம், யாரும் நம்பவில்லை.

"காது மெஷின் விக்கிறவங்க வேற என்ன சொல்லுவாங்க?" என்றார் அண்ணி. "அப்புறம், குடும்பத்தையே இழுக்கிறாங்களா? எங்க வீடு என்ன செவிட்டுப் பரம்பரையா? எங்ககிட்ட சொல்லாமக் கொள்ளாம, தடுப்பூசின்னு பொய் சொல்லிட்டுப் போயிருக்கே. நான் வளர்த்த பிள்ளைம்மா அது!"

அவர் குரல் உடைந்தது. நான் சொன்ன பொய்தான் அவருக்குப் பெரிதாகத் தெரிந்தது. பிள்ளையின் காதைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. அண்ணி கீழே போய்விட்டார். மாமா டிவி சத்தத்தை இன்னும் கூட்டிவைத்துக்கொண்டார். என் கணவர் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார்.

நான் பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றேன்.

"நீங்களாவது ஏதாவது சொல்லுங்க" என்றேன். அவர் தட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு நின்னா என்ன அர்த்தம்?" என்றேன். தட்டை அலசினார்.

எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. "இந்த வீட்ல என் பேச்சுக்கு மரியாதையே இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நான் போயிடப்போறேன்" என்றேன். கத்தவில்லை, சாதாரணக் குரலில்தான் சொன்னேன். அவர் அடுத்த தட்டை எடுத்து, சீட்டி அடிப்பதுபோல் உதட்டைக் குவித்துக்கொண்டு தேய்த்தார். ஒரு மனுஷன் தன் பெண்டாட்டி வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொன்ன பிறகு அப்படித் தேய்க்க மாட்டான்.

அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்குக் கல்யாணம் ஆகும்போது என் அம்மா ஒரு புத்திமதி சொன்னாள்: "ஆம்பளைங்க அப்படித்தான், நாம சொல்றதைக் காதுலயே வாங்க மாட்டாங்க. அதுக்கெல்லாம் சண்டை போட்டா குடும்பம் நடத்த முடியாது." நானும் அதையே பிடித்துக்கொண்டு குடும்பம் நடத்தினேன். எத்தனை தடவை அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டுப் பதில் வராமல் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்! கேட்டும் கேட்காத மாதிரி இருக்கிறார், திமிர், அலட்சியம், ஆம்பளைப் புத்தி. பின்னால் நின்று சொன்னதெல்லாம் வீணாகப் போயிருக்கிறது என்று ஒரு தடவையாவது யோசித்தேனா? அவர் பழுதான மெஷின்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சத்தத்தை வைத்துத்தானே மற்ற மெக்கானிக்குகள் சொல்வார்கள் என்று தோன்றியதுண்டு, அதோடு விட்டுவிட்டேன். பெண் பார்க்க வந்த அன்று நான் பேசும்போதெல்லாம் என் முகத்தைவிட்டு அவர் கண் நகரவே இல்லை. அதற்காகத்தான் சரி என்றேன்.

கிட்டே போய்த் தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார்.

"இப்ப நான் என்ன சொன்னேன்?"

என் முகத்தைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். "தண்ணி வீணாகுதுன்னு சொன்னே" என்று குழாயை மூடினார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் ஈரக் கையோடு எதிரில் உட்கார்ந்தார். நான் உண்மையில் என்ன சொன்னேன் என்பதை, இந்த முறை முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். அவர் கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் இவ்வளவுதான் கேட்கும்னு நினைச்சேன்" என்றார். "மத்தவங்க என்னைவிடக் கவனமா இருக்காங்க, நான் மண்டு, அவ்வளவுதான்னு நினைச்சேன்."

மறுவாரம் பரிசோதனைக்கு வந்தார். பஞ்சு அறையிலிருந்து வெளியே வந்தபோது அவர் முகத்தில் நிம்மதி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கோபம்தான் இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தார். பிறகு திடீரென்று சொல்ல ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சு. வாத்தியார் கேள்வி கேட்டால் பக்கத்துப் பையன் வாயைப் பார்த்துச் சொல்லி அடி வாங்கியது. கவனமே இல்லை என்று வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தது. பத்தாம் வகுப்போடு நிறுத்தியது. "படிப்பு ஏறலைன்னாங்க. எனக்குப் படிப்பு வந்து சேரவே இல்லை."

வீட்டுக்குள் நுழைந்ததும் நேராக மாமா முன்னால் போய் நின்றார்.

"அப்பா, என்னை ஏன் ஒரு டாக்டர்கிட்டயும் காட்டலை?" தரையைப் பார்த்துக் கேட்டார்.

"என்னப்பா?" என்றார் மாமா.

"சின்ன வயசுல என்னை ஏன் காட்டலை?"

"எதைக் காட்டலை?"

"காது! என் காதை! ஏன் காட்டலை?"

"காதுக்கு என்ன, வலிக்குதா?"

அத்தனை வருட வலியும் மூன்றாவது தடவை சொல்லும்போது வெறும் கத்தலாகிவிட்டது. எதிர் வீட்டுக் கதவு திறந்து மூடியது. நாலாவது தடவை கேட்க அவரிடம் தெம்பில்லை. நான்தான் மாமாவுக்கு முன்னால் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தார்.

"எங்க அப்பாவும் என்னை எங்கேயும் கூட்டிட்டுப் போகலையே. நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் நல்லாத்தான் இருந்தார்.

பிள்ளைக்கும் என் கணவருக்கும் மெஷின் வந்தது. அதை வைத்த முதல் நிமிடத்தில் பிள்ளையின் முகம் மலரும், என் குரலைக் கேட்டுச் சிரிப்பான் என்றெல்லாம் கற்பனை செய்து வைத்திருந்தேன். அவன் அலறினான். இரண்டையும் பிடுங்கி எறிந்தான். ஒன்று சூப்புக் கிண்ணத்துக்குள் விழுந்தது. அடுத்த பல வாரங்கள் அதே கதைதான்: நான் மாட்டுவேன், அவன் கழற்றுவான். அண்ணி சில நாள் மேலே வரவில்லை. பிறகு வந்தார், பிள்ளையைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. ஆனால் பகலில் நான் இல்லாத நேரத்தில் அழுகிறானே என்று மெஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார். நான் கண்டுபிடித்துக் கேட்டால், "குழந்தையைப் போட்டுப் படுத்துறே" என்பார். அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நான் அரை நாள் வேலைக்கு மாறிக்கொண்டேன்.

மெல்ல மெல்லப் பழகினான். முதலில் குக்கர் சத்தத்துக்குத் திரும்பினான். பிறகு பெயரைச் சொன்னால் திரும்பினான், பின்னால் நின்று சொன்னாலும். பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "மா" மாதிரி ஒன்று வந்தது. இதற்கிடையில் அண்ணியின் வாயில் கதையும் கொஞ்சம் மாறிவிட்டதைக் கவனித்தேன். வருகிறவர்களிடம், "எங்க வீட்டு ஆம்பளைங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம், ஆனா மூளை ரொம்ப ஷார்ப்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதையும் எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள்.

போன மாதம் அண்ணி புது போன் வாங்கினார். எல்லோரையும் சோபாவில் உட்கார வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார். போனை எதிரே அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு வந்தவர், மாமா மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தார்.

"படத்துக்கு மட்டும் இதைக் கழட்டிடலாம்டா செல்லம். அசிங்கமாத் தெரியும்" என்று காதருகே கையைக் கொண்டுபோனார்.

பிள்ளை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். "வேணாம்!" என்றான்.

ஒரு எழுத்தும் சிதையாமல் சொன்னான். அண்ணியின் கை அந்தரத்தில் நின்றது. மாமாதான் முதலில் சுதாரித்தார். அவருக்கே கேட்கும் அளவுக்குக் கத்தியிருந்தான் பயல்.

"பேசிட்டான்! ஜட்ஜ் பேசிட்டான்! நான் சொன்னேன்ல? எங்க வீட்டு ஆம்பளைங்க லேட்டாத்தான் பேசுவாங்கன்னு!"

"நாமதான் தலைப்பாடா அடிச்சிக்கிட்டோமே, யாரு கேட்டா?" என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

என் வாயில் எத்தனையோ வந்தது. காதில் மாட்டியிருக்கும் மெஷின், பஸ்ஸில் அலைந்தது, சூப்பிலிருந்து எடுத்துத் துடைத்தது, விட்ட அரைச் சம்பளம். ஒன்றையும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் கதைக்குள் சேர்த்துக்கொள்வார்கள். பிள்ளையின் கையை மட்டும் மெதுவாக இறக்கி, மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

அப்போதுதான் என் கணவர் என் முழங்கையைத் தொட்டார். சோபாவின் ஓரத்தில் இருந்தார். எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன? என்ன ஆச்சு? என்ன சொன்னான்?"

அவர் காது இரண்டும் வெறுமையாக இருந்தன. வெளியாட்கள் இருக்கும் இடத்திலும் படம் எடுக்கும்போதும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிடுவார். எத்தனை தடவை சொல்லியிருப்பேன்!

"வேணாம்னு சொன்னான்" என்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "தெளிவாச் சொன்னான். நீங்க பையில வெச்சிருந்தீங்க."

அவர் பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டார். இடது பக்கம் சரியாக உட்கார நேரமாயிற்று. பிறகு சோபாவிலிருந்து இறங்கி, பிள்ளைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"என்னடா சொன்னே? அப்பாவுக்கு ஒரு தடவை சொல்லுடா."

பிள்ளை தாத்தாவின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். அப்பாவை ஒரு முறை பார்த்தான், சிரித்தான், மறுபடி பொத்தானுக்குப் போய்விட்டான். அண்ணி, "எல்லாரும் இந்தப் பக்கம் பாருங்க" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என் கணவர் தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை.